அரசப்பன் கொல்லையில் ஆறு வரிசை

இன்னாசிமேரி கத்தினால் ஈசிஆர் ரோட்டில் போகிற பஸ்காரன்கூட ஹார்ன் அடிப்பதை நிறுத்திவிடுவான் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். ரொம்பக் கூட்டவில்லை.

அன்றைக்குக் காலையில் டீக்கடை வாசலில் அவளிடம் மாட்டிக்கொண்டவர் அரசப்பன். ஐம்பத்தைந்து வயசு மனுஷன், ரெண்டு ஏக்கர் கொல்லையில் தர்பூசணி போட்டிருப்பவர், யார் வம்புக்கும் போகாதவர். கையில் டீ கிளாஸ் வேறு, பாவம்.

“ஏம்பா அரசப்பா, நில்லு! டீ எங்கயும் ஓடிப்போவாது. எம்பொண்ணு குடுத்த மருந்துல என்னாத்தக் கலந்த?”

“நான் என்னா கலந்தேன் மேரி? பாப்பா சொன்ன மாதிரியே கடையில விக்கிற கேன் தண்ணியிலதான் கரைச்சு ஊத்தினேன்.”

“அப்படி ஊத்தினா ஆறு வரிசைக் கொடியும் எப்படிய்யா சுருண்டு படுக்கும்? உன் போர் தண்ணிய வாயில வச்சாலே குமட்டுது. அதுலதான கரைச்ச? எம்பொண்ணு வாங்கிக் குடுத்த கேன் தண்ணிய வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயி உன் பொண்டாட்டி சோறு வடிச்சிருப்பா. மருந்துக்குப் போர் தண்ணியக் காட்டிட்ட. அதான? சொல்லு!”

கடையில் இருந்த எட்டுப் பேரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்கள். அரசப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. “கமலாம்பாள ஏன் இழுக்குற? வாய்க்கு வந்ததப் பேசாத மேரி,” என்றார். அவரும் ரெண்டு வார்த்தை சத்தமாகத்தான் பேசினார். ஆனால் இன்னாசிமேரி ஒரு வார்த்தைக்குப் பத்து வார்த்தை வைத்திருப்பவள். பாதி டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு மனுஷன் நடையைக் கட்டினார்.

“பாத்தீங்களா, பதில் சொல்ல முடியல, ஓடுறான்!” என்று கடைக்காரனிடம் சொல்லிவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள். போகிற வழியெல்லாம் வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? ஒரே பொண்ணு. பிரிசில்லா. புதுச்சேரியில் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு, கிளியனூர் தாண்டி ஒரு ஆராய்ச்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகிறது. காண்ட்ராக்ட் வேலைதான். சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஸ்பூனும் பாலிதீன் கவருமாக அம்மா வேலை செய்கிற உப்பளத்துக்கே வந்து, வரப்பு ஓரத்தில் குந்திக்கொண்டு மண்ணைச் சுரண்டி எடுத்தாள். கூட வேலை செய்கிற பொம்பளைகள் சிரித்தார்கள். இன்னாசிமேரிக்கு அங்கேயே பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. “அஞ்சு வருஷம் படிக்க வச்சது மண்ணு அள்றதுக்காடி? அதத்தான் நான் பதினாலு வயசுல இருந்து அள்ளிட்டு இருக்கேனே!”

“மண்ணு இல்லம்மா. மண்ணுல இருக்கிற பூஞ்சை.”

“பூசணமா? அது நம்ம வூட்டு ஊறுகாயிலயே இருக்குது.”

பிரிசில்லா அம்மாவைப் போல் இல்லை. அப்பா மார்ட்டின் மாதிரி. அவர் ஆரோவில்லில் தோட்ட வேலை செய்கிறவர், நாள் முழுக்கச் செடியோடு இருந்து செடி அளவுக்குத்தான் பேசுவார். பிரிசில்லாவும் சிரித்துக்கொண்டே கவரைக் கட்டி எடுத்துப் போனாள். அந்த வரப்பு மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சைகளில் பதினேழாவதுதான் வேலைக்கு ஆனது. அதற்கு ‘மரக்காணம் பதினேழு’ என்று பேர் எழுதி ஒட்டியிருப்பதாகச் சொன்னபோது இன்னாசிமேரி ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் உப்பளத்தில் எல்லாரிடமும் சொன்னாள்.

அந்தப் பூஞ்சை என்ன செய்யும் என்பதை ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் பொண்ணு விளக்கிச் சொன்னாள். பூஞ்சையைத் தண்ணியில் ஊற வைக்க வேண்டும். அந்த ஊறல் தண்ணியை வடிகட்டி, வெள்ளியைக் கரைத்த தண்ணியோடு சேர்த்து இருட்டில் வைக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் தண்ணி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருக்கும். நிறம் மாறினால் வெள்ளி பொடியாகிவிட்டது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத பொடி. ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் தண்ணியைத் தர்பூசணிச் செடியின் தூரில் ஊற்றினால், வேரில் ஏறுகிற வாடல் நோய்ப் பூஞ்சை செத்துப்போகும்.

“பூசணத்தக் கொல்லப் பூசணத்த வச்சே வெள்ளி மருந்தா? என் கொலுச எடுத்துக் கரைச்சிடாதடி,” என்றாள் இன்னாசிமேரி. வாய் அப்படிச் சொன்னதே தவிர மனசு நிறைந்துபோயிருந்தது. இந்தக் கடற்கரையில் தர்பூசணி போடுகிறவனெல்லாம் வாடல் நோயால் தலையில் கை வைத்து உட்காருகிறதை அவள் வருஷா வருஷம் பார்க்கிறவள். காலையில் பச்சையாக இருக்கிற கொடி மத்தியானம் தொங்கிவிடும், மூணாம் நாள் காய்ந்துவிடும். அதற்கு மருந்து தன் உப்பள வரப்பிலிருந்து, தன் பொண்ணு கையால்!

லேபில் எல்லாம் சரியாக வந்தது. கொல்லையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றபோது யாரும் இடம் தரவில்லை. அரசப்பன்தான் தந்தார். ஆறு வரிசை. “கடை மருந்து அந்த ஆறு வரிசைக்கு அடிக்க மாட்டேன் பாப்பா, உன் மருந்து மட்டும்தான்,” என்று அவராகவே சொன்னார். அவர் கொல்லை மண்ணில் நோய் எவ்வளவு இருக்கிறது என்று பிரிசில்லா ஒரு வருஷமாக அளந்து வைத்திருந்தாள். மூணு தடவை ஊற்ற வேண்டும், பத்து நாளைக்கு ஒரு தடவை. முதல் தடவை பிரிசில்லாவே நின்று ஊற்றினாள். அடுத்த ரெண்டு தடவை லேபில் லீவு கிடைக்கவில்லை, அரசப்பனே அளந்து, பிரிசில்லா வாங்கிக் கொடுத்த கேன் தண்ணியில் கரைத்து ஊற்றிவிட்டார்.

அந்த ரெண்டு தடவைக்கான மருந்து அஞ்சு லிட்டர் கறுப்பு கேனில் வந்தது. வெளிச்சம் படக்கூடாது என்று அதன்மேல் வேறு அலுமினியத் தாள் சுற்றியிருந்தது. “என் மோட்டார் கொட்டாயில வச்சிக்கிறேன், ஊத்தறதுக்கு வசதி,” என்று அரசப்பன் கேட்டார். இன்னாசிமேரி விடுவாளா? “உன் கொட்டாயில எலி ஓடுது. எம்பொண்ணு மருந்து என் வூட்ல, என் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கும். வேணும்போது வந்து ஊத்தி எடுத்துட்டுப் போ,” என்றாள்.

கேன் வீட்டுக்கு வந்த அன்றைக்கு இன்னாசிமேரி செய்ய வேண்டியதைச் செய்தாள். ஊர் மாதா கோயிலில், குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த மூணு ராஜாக்கள் திருநாள் பூசைக்கு உப்பளத்துச் சனங்கள் ஆளுக்கு ஒரு படி உப்பு கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுப்பார். அந்த உப்பு வருஷம் பூரா வீட்டில் இருக்கும். புதுசாக எது வந்தாலும் அதில் ஒரு சிட்டிகை. தொட்டிலில், விதை மூட்டையில், மார்ட்டின் புது சைக்கிளின் சீட்டுக்கு அடியில், பிரிசில்லாவின் முதல் நாள் ஆபீஸ் பையில். மத்தவர்கள் சிட்டிகை போடுவார்கள். இன்னாசிமேரிக்குக் கை தாராளம். பொண்ணு லேபுக்குப் போனபின் கேன் மூடியைத் திறந்து, ஒரு கைப்பிடி மந்திரித்த உப்பைப் போட்டு, சிலுவை போட்டு, மூடினாள். பொண்ணு உழைப்பு வீண் போகக்கூடாது மாதாவே என்று முணுமுணுத்தாள். பிறகு அதை மறந்தே போனாள், சோற்றுக்கு உப்பு போட்டதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

மாசி பாதியில் ஆறு வரிசையும் தொங்கின. பக்கத்தில் கடை மருந்து அடித்த வரிசையெல்லாம் காயும் கொடியுமாக நிற்க, பிரிசில்லாவின் ஆறு வரிசை மட்டும் நெருப்பு வைத்த மாதிரி.

அதற்குப் பிறகுதான் டீக்கடைக் கச்சேரி. அது ஒரு நாளோடு முடியவில்லை. அரசப்பனை ரேஷன் கடையில் பார்த்தாலும் கத்தினாள், பஸ் ஸ்டாப்பில் பார்த்தாலும் கத்தினாள். முதல் நாள் எதிர்த்துப் பேசின மனுஷன் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நிற்பார், இல்லையென்றால் வேறு பக்கம் போவார். “தப்பு பண்ணவன் மூஞ்சிய நிமிர்த்த முடியுமா?” என்று அதற்கும் ஒரு பேச்சு. கமலாம்பாள் மட்டும் ஒரு தடவை தெருவில் இவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

மூணாவது வாரம் இடி விழுந்தது. இந்த மருந்துத் திட்டத்துக்குத் தலைவரான பக்தவச்சலம் சார், பூஞ்சையே லாயக்கில்லை என்று முடிவு செய்துவிட்டாராம். மரக்காணம் பதினேழை மூடிவிடலாம், இந்த மாசத்தோடு பிரிசில்லாவின் வேலையும் முடிகிறது. பொண்ணு இதைச் சொல்லும்போது அழவில்லை. ரெண்டு நாளாக லேபுக்கும் போகவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“நீ ஏன்டி சும்மா வந்த? அரசப்பன் போர் தண்ணிய ஊத்தினான்னு சொல்லவேண்டியதுதான?”

“அவர் ஊத்தலம்மா.”

“பின்ன யாரு? பேயா?”

பிரிசில்லா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். இன்னாசிமேரிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எல்லாரும் சேர்ந்து தன் பொண்ணு தலையில் மிளகாய் அரைக்கிறார்கள், இது வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது! மறுநாள் உப்பளத்துக்கு லீவு சொல்லிவிட்டு, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ரெண்டு பஸ் மாறி அந்த ஆராய்ச்சி மையத்துக்குப் போய் இறங்கினாள்.

கேட்டில் வாட்ச்மேன் யாரைப் பார்க்கணும் என்றான். “உங்க பெரிய சார நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்,” என்றாள். அவன் பயந்துபோய் உள்ளே போன் பண்ணினான். சார் மீட்டிங்கில் இருந்தார். சத்தம் கேட்டு வெளியே வந்தவள் சத்யப்ரியா. பிரிசில்லாவோடு ஒரே மேஜையில் வேலை செய்கிற பொண்ணு, ரெண்டு தடவை வீட்டுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிட்டவள்.

“ஆன்ட்டி, வாங்க, உள்ள வந்து உக்காருங்க.”

“உக்கார வரல. அந்தப் பூசணம் லாயக்கில்லன்னு சொன்னாராமே உங்க சார். எங்க அது? செத்துப்போச்சா உசுரோட இருக்குதா, நான் பாக்கணும்.”

சத்யப்ரியா அவளை லேபுக்குள் கூட்டிப்போனாள். ஒரு கண்ணாடி மூடித் தட்டை எடுத்துக் காட்டினாள். உள்ளே பச்சையாக, பழைய எலுமிச்சம்பழத்தில் படர்கிற மாதிரி படர்ந்திருந்தது. மேலே பொண்ணு கையெழுத்தில் ஒட்டியிருந்தது. இன்னாசிமேரி அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இதுக்கு என்னா கொறச்சல்?”

“ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. மருந்தும் நல்லாதான் இருக்கு. கொல்லைக்கு அனுப்பினோமே, அதே மருந்துல கொஞ்சம் இங்க எடுத்து வச்சிருக்கோம். பாருங்க.” ஒரு கண்ணாடிக் குழாயில் டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணி தெளிவாக நின்றது. “இத தொட்டியில இருக்கிற செடிக்குப் போன வாரம் ஊத்தினேன், நோய் ஏறல.”

“அப்ப நான் சொன்னது சரிதான்! அரசப்பன் போர் தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டான்!”

“அதையும் பிரிசில்லா சோதிச்சுப் பார்த்துடுச்சு ஆன்ட்டி. அவர் போர் தண்ணியக் கலந்தா மருந்து கொஞ்சம் வீரியம் கொறையுது, அவ்ளோதான். இப்படி மொத்தமா கெட்டுப்போவாது.” அவள் கீழ் அலமாரியைத் திறந்து அந்தக் கறுப்பு கேனை எடுத்தாள். அலுமினியத் தாள் கிழிந்திருந்தது. அடியில் மிச்சம் இருந்ததை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றினாள். சாம்பல் கலந்த கழுநீர் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அடியில் வண்டல் இறங்கியது. “உங்க ஊருக்கு வந்த கேன்ல இருந்தது இதான். வெள்ளிப் பொடியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிடுச்சு. கட்டியானா அதுக்கு வேலை செய்யற சக்தி போயிடும்.”

“எதனால?”

“இருங்க, காட்டுறேன்.” சத்யப்ரியா நல்ல மருந்துக் குழாயிலிருந்து கொஞ்சம் வேறொரு குவளையில் ஊற்றினாள். ஜன்னல் ஓரத்தில் ஒரு டப்பா இருந்தது. அதிலிருந்து வெள்ளையாக ஏதோ ஒரு ஸ்பூன் அள்ளிப் போட்டுக் கலக்கினாள். டிகாக்‌ஷன் நிறம் மங்கியது. மங்கி மங்கிச் சாம்பலானது. கண் முன்னாலேயே.

“என்னாம்மா போட்ட அதுல?”

“உப்பு ஆன்ட்டி. சாதா உப்புதான்.”

இன்னாசிமேரி குவளையைப் பார்த்தாள். கேனைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். முப்பது வருஷமாக உப்பு அரித்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்த கை. ஒரு கைப்பிடி. சும்மா இருந்த கேனைத் திறந்து, சிலுவை வேறு போட்டு, ஒரு முழு கைப்பிடி.

“பிரிசில்லாவுக்கு இது தெரியுமா?” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“செடி காஞ்ச வாரமே கேனைக் கொண்டாந்து பார்த்துடுச்சு ஆன்ட்டி. பார்த்துட்டு ரொம்ப அழுதுது. யார் போட்டதுன்னு எவ்ளோ கேட்டும் சொல்லல. சார்கிட்டயும் சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிடுச்சு.”

அப்போதுதான் பக்தவச்சலம் சார் உள்ளே வந்தார். நல்ல மனுஷர்தான், கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் எதையும் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போகிற ஆள். “பிரிசில்லா அம்மாவா? வணக்கம்மா. என்ன விஷயம்?” என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வைத்திருந்த நாலு கேள்வியும் போன இடம் தெரியவில்லை. பேசாமல் எழுந்து போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது. அரசப்பன் பேரிலேயே அது காலத்துக்கும் நின்றிருக்கும்.

“பூசணம் மேல தப்பு இல்ல சார். எம்பொண்ணு மேலயும் தப்பு இல்ல. உப்பு போட்டது நான்,” என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். மூணு ராஜாக்கள் திருநாளையும் சேர்த்துச் சொன்னாள்.

பக்தவச்சலம் சிரித்துவிட்டார். “அட, இவ்ளோதானா! நான் என்னவோ ஏதோன்னு நெனச்சேன். ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. ரிப்போர்ட்ல ஃபார்மர் எரர்னு ஒரு வரி எழுதிடலாம்.”

“அப்படின்னா?”

“விவசாயி பண்ண தப்புன்னு அர்த்தம்.”

அவ்வளவுதான். போன கோபம் போன வேகத்தில் திரும்பி வந்தது.

“எந்த விவசாயி? அரசப்பனா? அந்தாளு என்னா தப்பு பண்ணான்? நீங்க சொன்ன அளவுல, நீங்க சொன்ன தண்ணியில, நீங்க சொன்ன நாள்ல ஊத்தினான். அவன் பேர்ல எழுதுவீங்களா? போட்டது நான்னு இப்பதான சொன்னேன், காதுல விழலியா? எழுதறதா இருந்தா இன்னாசிமேரின்னு எழுதுங்க!”

“சரிம்மா, சரிம்மா, கத்தாதீங்க...”

“இருங்க, நான் முடிக்கல. அந்தக் கேன் மேல சீட்டு ஒட்டியிருந்தீங்களே, அதுல என்னா எழுதியிருந்தது? எல்லாம் இங்கிலீஷு. எம்பொண்ணக் கேட்டேன். வெளிச்சத்துல வைக்காத, ஆட்டிட்டு ஊத்து, புள்ளைங்க கையில குடுக்காத. உப்பு படக்கூடாதுன்னு எங்க எழுதியிருந்தது? காட்டுங்க! மரக்காணத்துக்கு அனுப்புற மருந்துங்க சார் இது. எங்க ஊர்ல காத்துல உப்பு, கையில உப்பு, கட்டியிருக்கிற துணியில உப்பு. அந்தப் பூசணத்தையே உப்பு வரப்புல இருந்துதான எடுத்துட்டு வந்தீங்க? அதுல இருந்து செஞ்ச மருந்துக்கு உப்பு ஆவாதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நான் பண்ணது தப்பு. தப்பு தப்புதான். நாலு எழுத்து தமிழ்ல எழுதாம அனுப்பினீங்களே, அது யாரு எரரு?”

சத்யப்ரியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்தவச்சலம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தச் சீட்டை டைப் அடித்தது அவர்தான்.

“அது எங்க எரர்தான்மா,” என்றார் மெதுவாக. “திரும்பப் பண்ணலாம். பிரிசில்லாவை நிறுத்தாம வச்சு, அடுத்த பட்டத்துக்குத் திரும்ப ஊத்திப் பார்க்கலாம். ஆனா அதே கொல்லையா இருக்கணும். அந்த மண்ணைத்தான் ஒரு வருஷம் அளந்து வச்சிருக்கோம், புது எடத்துல ஆரம்பிக்க எனக்கு டைம் தரமாட்டாங்க. அரசப்பன் கையெழுத்து வேணும், இந்த மாசக் கடைசிக்குள்ள. ஆறு வரிசை பறிகொடுத்த மனுஷன்கிட்ட போய் நிக்க எனக்கு முகம் இல்ல.” மேஜை டிராயரைத் திறந்து ஒரு ஃபாரத்தை எடுத்தார். யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

இன்னாசிமேரி அதை வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் இருக்குதா முகம் என்று அவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பிரிசில்லா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அம்மாவின் நல்ல புடவையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“ஏன்டி சொல்லல?” கத்தத்தான் வந்தாள். குரல் உடைந்துவிட்டது. “எங்கிட்ட ஏன்டி சொல்லல? வேலையே போவுதுன்னு தெரிஞ்சும் வாய மூடிட்டுப் படுத்திருந்தியே, என்ன என்னான்னு நெனச்ச?”

“எப்பம்மா சொல்ல முடியும்?” பிரிசில்லா முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். அவளுக்கும் கோபம் வரும் என்று இன்னாசிமேரிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. “நான் கேனைத் திறந்து பார்க்கிறதுக்கு முன்னாடியே நீ டீக்கடையில போய்க் கத்திட்டியே! ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தா உன்கிட்டதான் மொதல்ல சொல்லியிருப்பேன். ஊரே பார்க்க அரசப்பன் மாமாவ அந்தக் கேள்வி கேட்டுட்டு நிக்கிற உன்கிட்ட, நீதாம்மா போட்டன்னு எப்படிச் சொல்லுவேன்? எந்த வாயால சொல்லுவேன்?”

மார்ட்டின் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமலே நின்றார்.

இன்னாசிமேரி அன்றைக்குச் சாப்பிடவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தாள். சார் மேல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பொண்ணு மேல் படலாம் என்றால் படமுடியவில்லை. கடைசியில் சமையல் மேடைக்கு மேலே பொட்டலத்தில் இருந்த மந்திரித்த உப்பை எடுத்துத் தூக்கி எறியப் போனாள். அது சாமி உப்பு, அது என்ன பாவம் செய்தது என்று திரும்ப வைத்தாள்.

மறுநாள் காலை. அதே டீக்கடை, அதே எட்டுப் பேர், அதே பெஞ்சு. அரசப்பன் இவள் வருவதைப் பார்த்ததுமே கிளாஸைக் கீழே வைத்துவிட்டார், பழக்கம் ஆகிவிட்டது. கமலாம்பாளும் பால் வாங்க வந்திருந்தாள்.

“எல்லாரும் கேளுங்க!” இன்னாசிமேரி ரோட்டு ஓரத்திலேயே நின்று ஆரம்பித்தாள். அன்றைக்கு எந்தக் குரலில் கத்தினாளோ அதே குரல். ஒரு மாற்றுக் குறையவில்லை. “அரசப்பன் போர் தண்ணிய ஊத்தினான்னு இதே எடத்துல நின்னு சொன்னேன்ல? பொய்யி! அந்தாளு ஒரு சொட்டு ஊத்தல! கேன்ல உப்பு போட்டுக் கெடுத்தது நான்! இந்தா, இந்தக் கை! மந்திரிச்ச உப்பு, ஒரு கைப்பிடி! ஆறு வரிசையையும் சாவடிச்சது நான்! எம்பொண்ணு வேலைக்கு ஒல வச்சதும் நான்! எவன் பேரையும் இழுக்காதீங்க, கேக்கறதா இருந்தா என்னக் கேளுங்க!”

டீ ஆற்றுகிற கை நின்றுவிட்டது.

“தெரியும் மேரி,” என்றார் அரசப்பன்.

“என்னா தெரியும்?”

“நீ உப்பு போட்டது. நீ மொத நாள் கத்தினியே, அதுக்கு மூணாம் நாள் பாப்பா வூட்டுக்கு வந்து சொல்லிச்சு. கால்ல விழப்போச்சு. எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்காது மாமா, சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்குச்சு.”

“தெரிஞ்சா நின்ன? நான் ரேஷன் கடையில வச்சுக் கேட்டனே, பஸ் ஸ்டாப்புல கேட்டனே, அன்னிக்கெல்லாம் தெரிஞ்சுதான் தலையக் குனிஞ்சிட்டு நின்னியா? உனக்கு வெக்கமா இல்ல? மனுஷனாய்யா நீ? போடின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா? எல்லாரும் சேர்ந்து என்னப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்களேய்யா!”

“நீ கத்தற கத்துல எங்க சொல்றது?” என்றார் அவர். சிரிக்கவில்லை.

“அவரு விட்டாலும் நான் விட மாட்டேன்.” கமலாம்பாள் பால் பாக்கெட்டோடு முன்னால் வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. “கேன் தண்ணியில நான் சோறு வடிச்சேன்னு சொன்னியே, அத மொதல்ல இங்க சொல்லு. மூணு வாரமா கொழாயடியில எல்லாரும் என்னப் பார்த்து, கேன் தண்ணி சோறு ருசியா இருந்துதான்னு கேக்குறாளுங்க.”

“வடிக்கல! கமலாம்பாள் வடிக்கல!” இன்னாசிமேரி கத்தினாள். “அது என் நாக்கு கொழுப்புல சொன்னது!”

“இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னாள். ரோட்டில் பஸ் ஒன்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது. கமலாம்பாள் தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது, கேட்டுக்கொண்டாள்.

இன்னாசிமேரி ஜாக்கெட்டிலிருந்து ஃபாரத்தை எடுத்தாள். வியர்வையில் நனைந்து மடிப்பு ஒட்டியிருந்தது. அதைப் பிரித்து அரசப்பனிடம் நீட்டினாள். “அதே ஆறு வரிசை வேணுமாம். அடுத்த பட்டத்துக்கு. இல்லன்னா பொண்ணு வேலை போயிடும். குடுக்கலன்னா நியாயம்தான், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அரசப்பன் ஃபாரத்தை வாங்கி, டீக்கடைக்காரனிடம் பேனா கேட்டு, பெஞ்சில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

“கேன் மட்டும் இந்தத் தடவ எங்க கொட்டாயில இருக்கட்டும் மேரி,” என்றார்.

இன்னாசிமேரி வாயைத் திறந்தாள். எலி ஓடுகிற கொட்டாய் அது. கடையில் எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சரிப்பா,” என்றாள்.